சாமிக்கண்ணு என்று முடிகிற பெயர்

நாற்பத்தேழு கோடி ரூபாய் வந்த அன்றைக்கு மங்கலத்தின் வீட்டில் அரைப்படி அரிசிதான் இருந்தது. மத்தியானத்துக்கு அதை வடித்துவிட்டால் ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி. பிற்பாடு இதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

'தானே' புயல் அடித்து எழுபது நாள் ஆகியிருந்தது. நடுவீரப்பட்டுக்குத் தெற்கே செம்மண் காட்டில் முந்திரி மரங்கள் வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன. வேறு வருஷமாக இருந்தால் இந்நேரம் காடெல்லாம் பழ வாசனை வீசும், பிள்ளைகள் சட்டையெல்லாம் கறையோடு திரியும். இந்த வருஷம் மிஷின் ரம்பம் போடுகிற சத்தம் மட்டும்தான். விறகுக்காரன் வைத்ததே விலை. முப்பது வருஷத்து மரத்தை ஒரு சாப்பாட்டுக் காசுக்குக் கேட்டான், கொடுத்தார்கள்.

மங்கலத்தின் கொல்லை நாற்பது சென்ட். இருபத்தோரு மரத்தில் பத்தொன்பது விழுந்து, இரண்டு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொட்டை உடைத்த கூலியில் சீட்டுக் கட்டி அவள் வாங்கிய கொல்லை அது. பட்டா அவள் பெயரில். அந்த ஊரில் பெண்பிள்ளை பெயரில் பட்டா என்பது விரல் விட்டு எண்ணக்கூடியது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, கர்வப்பட அவளுக்கு வேறு என்ன இருந்தது?

உள்ளூர்க் கொட்டை இல்லாமல் போனதால் உடைக்கிற கொட்டகையில் கப்பல் கொட்டைதான் ஓடியது. ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, லாரியில் இங்கே வருகிற மூட்டைகள். சாக்கின் மேல் கறுப்பு மையில் நாட்டுப் பெயர் அடித்திருக்கும். மங்கலத்துக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் சாக்கைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பெனின் நாட்டுக் கொட்டை சின்னது, ஆனால் பயிறு என்கிற பருப்பு நிறைந்திருக்கும், கட்டையால் ஒரே போடு போட்டால் முழுசாக வரும். மற்றது நொறுங்கும். முழுப் பயிற்றுக்குத்தான் கூலி என்பதால் பெண்கள் பெனின் சாக்குக்கு அடித்துக்கொள்வார்கள். ஒருமுறை அந்தச் சாக்குக்குள் ஒரு நீலப் பாசிமணி கிடைத்தது. அங்கே கொட்டை பொறுக்கிய எவளுடைய கழுத்திலிருந்தோ அறுந்து விழுந்திருக்கும். மங்கலம் அதை எறிய மனமில்லாமல் தன் ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டாள்.

மகன் ராஜவேல் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். வாரம் இரண்டு தரம் திருப்பாதிரிப்புலியூருக்குப் பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, உலகத்தில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் தன் விவரத்தை அனுப்பிவிட்டு வருவான். அன்றைக்கு அவன் போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தவன்போல ஓடி வந்தான்.

"யம்மா, கைய கழுவிட்டு உள்ள வா. ஒரு விசயம்."

"கழுவினா போற கறையா இது? சொல்லு."

முந்திரி எண்ணெய் பட்ட கை. சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் தோல் கறுத்து உரியத்தான் செய்யும். அவள் அந்தக் கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே போனாள். அவள் புருஷன் சாமிக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மரம் விழுந்ததிலிருந்து அவர் அப்படித்தான், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் படுத்திருப்பார். ராஜவேல் கதவைச் சாத்திவிட்டு, ஈமெயிலில் வந்ததைப் பிரின்ட் எடுத்து நாலாக மடித்திருந்த தாளைப் பிரித்தான். இங்கிலீஷில் ஒரு வரி படிப்பதும் தமிழில் ஒரு வரி சொல்வதுமாக முடித்தான்.

எழுதியவன் வக்கீலாம். அவனுடைய கட்சிக்காரர் இன்ஜினியர் ரேமண்ட் சாமிக்கண்ணு என்பவர் மனைவி மக்களோடு கார் விபத்தில் போய்விட்டாராம். பாங்கியில் தொண்ணூற்றைந்து லட்சம் டாலர், நம் காசுக்கு நாற்பத்தேழு கோடி, கேட்பாரில்லாமல் கிடக்கிறதாம். தேடித் தேடிப் பார்த்ததில் அவருடைய கடைசிப் பெயரும் ராஜவேலுடைய கடைசிப் பெயரும் ஒன்றாக இருப்பதால், வாரிசாக வந்து வாங்கிக்கொள்ளும்படி கேட்டிருந்தான்.

"எந்த நாடுன்ன?" சாமிக்கண்ணு எழுந்து உட்கார்ந்தார்.

"பெனினுப்பா."

"நம்ம சாக்குல போட்டிருக்குமே, அதுவா?"

"அதேதான்."

வேறு நாடாக இருந்திருந்தால் அந்தத் தாள் அடுப்புக்குப் போயிருக்கும். கடலூர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டவருக்கே பெனின் எந்தத் திசை என்று தெரியாது. இவர்களுக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

சாமிக்கண்ணுவுக்கு ஆண்டி என்று ஒரு தம்பி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கொட்டகையில் ஒரு மூட்டை காணாமல் போனது. ஆண்டிதான் எடுத்து விற்றான் என்று எவனோ சொல்ல, சாமிக்கண்ணு கொட்டை உடைக்கிற கட்டையாலேயே அவனை நாலு பேர் பார்க்க அடித்தார். அவன் கட்டின துணியோடு போனான். எடுத்தது வேறொருத்தன் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. ஆண்டி தூத்துக்குடியில் கப்பலிலிருந்து கொட்டை மூட்டை இறக்குகிறான் என்று ஒருத்தர் சொன்னார். கொட்டை வாங்குகிற ஏஜெண்டோடு ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டான் என்று இன்னொருத்தர் சொன்னார். அதோடு சரி, அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

"வெளிநாட்டுல ரெண்டாவது பேரு ஒண்ணு கேப்பாங்கப்பா," என்றான் ராஜவேல். "சித்தப்பா உம்பேரத்தான் குடுத்திருக்காரு. ரேமண்டுங்கறது அங்க போயி வச்சிக்கிட்டதா இருக்கும்."

சாமிக்கண்ணு கட்டிலை விட்டு இறங்கி நின்றார்.

"எம்பேரையாடா? அடிச்சித் தொரத்துனவன் பேரையாடா வச்சிக்கிட்டான்?"

அவர் அழுததை மங்கலம் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பத்தொன்பது மரம் விழுந்தபோதும் அழாத மனுஷன். அவளும் அழுதாள். அண்ணி அண்ணி என்று அடுப்படியிலேயே சுற்றி வந்து, கருவாட்டுச் சட்டியை வழித்துத் தின்ற கொழுந்தன். மங்கலமும் நம்பினாள், அதை மறைக்க வேண்டியதில்லை.

சாமிக்கண்ணு கெடிலம் ஆற்றங்கரைக்குப் போய் மொட்டை போட்டு முழுகிவிட்டு வந்தார். இவர்கள் கல்யாணப் படத்தில் ஓரமாக நின்ற ஆண்டியின் முகத்தை ராஜவேல் பெரிசு பண்ணிக்கொண்டு வந்தான். சுவரில் மாட்டி, சாமந்தி மாலை போட்டு, விளக்கு வைத்தார்கள். தெருவில் கேட்டவர்களுக்கு, வெளிநாட்டில் செத்துப்போனதாகச் சேதி வந்தது என்று மட்டும் சொன்னார்கள். பணத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று வக்கீல் எழுதியிருந்தான். மாலை வாடினால் புது மாலை. அதற்கு மட்டும் எங்கிருந்தோ காசு வந்தது.

ராஜவேல் சம்மதம் எழுதியிருந்தான். பன்னிரண்டாம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது. வாரிசுச் சான்று வாங்க ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அத்தனையும் அந்த நாட்டு அரசாங்கத்துக்குப் போய்விடும். ராஜவேல் வாசித்து முடித்ததும் மங்கலம் கேட்டாள்.

"நாப்பத்தேழு கோடி அவங்கிட்டதான இருக்குது? இத அதுலயே கழிச்சிக்கிட்டு மீதியக் குடுக்கச் சொல்லு. நம்ம மொதலாளி அட்வான்சக் கூலியிலதான கழிக்கறாரு, நம்மகிட்ட கேக்கறாரா?"

"ரூல்ஸ் அப்பிடி இல்லம்மா."

"சரி. யாருகிட்டயும் சொல்லாதன்றானே, அது என்னாத்துக்கு? நல்ல சேதின்னா நாலு பேரக் கூப்புட்டுத்தான சொல்லுவோம்."

"வெளிய தெரிஞ்சா ஆளாளுக்குப் பங்குக்கு வருவாங்க. உனக்கு என்னா தெரியும், சும்மா இரு."

உனக்கு என்ன தெரியும் என்று அவன் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த இங்கிலீஷுக்கு ஃபீஸ் கட்டிய கை இது. அவள் எழுந்து போய்க் களியைக் கிண்டினாள். கரண்ட் போயிருந்தது. அந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரத்தைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், போகிற நேரத்துக்குக் கணக்கே இல்லை.

பணத்துக்கு ஒரே வழி கொல்லை. தரகர் ஞானசேகரன் புயலுக்கு மறுவாரத்திலிருந்தே தெருவில் திரிந்துகொண்டிருந்தார். மரம் நின்றபோது நாலு லட்சம் போன இடத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றார். "மரம் இல்லாத கொல்ல பொட்டல்தானம்மா. நானா இருக்கவே இதக் கேக்கறேன்" என்று அனுதாபம் வேறு.

மங்கலம் மூன்று நாள் முடியாது என்றே சொன்னாள். மூன்றாம் நாள் ராத்திரி சாமிக்கண்ணு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"எனக்குக் கோடி வாணாம் மங்கலம். அவன் ஒழைச்ச காசு அநாதையாப் போவுது. அவன் பேர்ல இந்த ஊர்ல ஒரு கல்லாவது நடணும். நான் அடிச்ச அடிக்கு வேற என்னா பண்ணுவேன்?"

கோடிக்கு மசியாதவள் இதற்கு மசிந்தாள். மறுநாள் பட்டாவையும் பத்திரத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, தூக்கில் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு, மூவரும் பஸ் ஏறினார்கள். போகிற வழியில் கொல்லை தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிற ராஜாமணி ஐயாவிடம் ஞானசேகரன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, எதிர் பெஞ்சில் மூவரையும் உட்கார வைத்து, கேட்டுக் கேட்டு எழுதினார்.

"எழுதிக் குடுக்கறவங்க பேரு?"

"மங்கலம்."

"கணவர் பேரு சாமிக்கண்ணு. சரி. சாட்சி ஒண்ணு?"

"ராஜவேலுங்க," என்றான் மகன்.

"ராஜவேல், தகப்பனார் பேரு சாமிக்கண்ணு. சாட்சி ரெண்டு, சாமிக்கண்ணு. உங்க தகப்பனார் பேரு?"

"காத்தவராயன்."

பெரியவரின் பேனா ஓடியது. மங்கலம் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டையை ஓங்குவதற்கு முன்னால் கொட்டையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி மூட்டுவாய் எங்கே என்று பார்ப்பாள். கண்டபடி போட்டால் நொறுங்கும். இப்போதும் எதையோ விரலால் சுற்றுகிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள். "எங்கொழுந்தன் ஆண்டி வந்து இங்க ஒக்காந்தா அவன் பேர எப்பிடி எழுதுவீங்க?"

"இவரு தம்பியா? ஆண்டி, தகப்பனார் பேரு காத்தவராயன்."

"ஆண்டி சாமிக்கண்ணுன்னு எழுத மாட்டீங்களா?"

"அண்ணன் பேர யாரும்மா போடுவா? அப்பன் பேருதான். ரேஷன் கார்டு, ஓட்டு, பாஸ்போர்ட்டு, எதுல பாத்தாலும் அதான்."

"அப்ப ஒருத்தன் பேரு சாமிக்கண்ணுன்னு முடிஞ்சா?"

"சாமிக்கண்ணு பெத்த புள்ளைன்னு அர்த்தம். இதென்னா கேள்வி?"

மங்கலம் புருஷன் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"மாமா, நெசத்தச் சொல்லு. எனக்கு முன்னாடி எவளுக்காவது ரேமண்டுன்னு ஒரு புள்ளயப் பெத்து பெனினுக்கு அனுப்பி வச்சியா?"

பெரியவரின் பேனா நின்றது. பக்கத்து மேசையில் முத்திரைத்தாள் எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டார்.

"கூறு கெட்டத்தனமா பேசாத," என்றார் சாமிக்கண்ணு. மொட்டைத் தலை வேர்த்துவிட்டது.

"நானா பேசறேன்? அந்தக் கடுதாசி பேசுது. ஆண்டி கப்பலு ஏறியிருந்தா பாஸ்போர்ட்டு வாங்காத ஏறியிருப்பானா? அதுல காத்தவராயன்னுதான இருக்கும்? வெள்ளக்காரனுக்கு அப்பன் பேரு பரம்பரையா வரும்போல. நமக்கு அப்பன் பேரு புள்ளையோட போச்சி, பேரனுக்கு வராது. ராஜவேலு, உனக்குக் கடைசிப் பேருன்னு ஒண்ணு எப்பிடிடா வந்திச்சி?"

"ஈமெயில் தொடங்கறப்ப கம்ப்யூட்டர் கேட்டிச்சி. அப்பா பேரப் போட்டேன்."

"அதான். நீ போட்டதத்தான் அவன் எடுத்து உனக்கே குடுக்கறான்."

ராஜவேல் முகம் சிவந்தது. "அங்க போயி சித்தப்பா பேர மாத்தியிருக்கலாம்மா. மாத்தற வழியெல்லாம் இருக்குது."

"இருக்கலாம். அப்ப அவனையே கேட்டுப்புடுவோம். ஐயா, கோவிச்சிக்காதீங்க, இன்னைக்கு நான் கையெழுத்துப் போடல."

ஞானசேகரன் எழுந்துவிட்டார். "இன்னைக்கு வுட்டா இந்த வெல கெடைக்காதும்மா."

"வெல கெடைக்காட்டிப் போவுது. கொல்ல இருக்குமில்ல," என்று அவள் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

திருப்பாதிரிப்புலியூர் பிரவுசிங் சென்டரில் நாலு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. மங்கலம் மகன் பின்னால் நின்றாள். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். கறுத்த கையும் மஞ்சள் பையுமாக ஒருத்தி வந்து நிற்பதை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

"நான் சொல்றத அப்பிடியே இங்கிலீசுல எழுது. எங்க ஆளுக்கு எடது கையில சுண்டு வெரலு கெடையாது, சின்ன வயசுல கொட்ட உடைக்கறப்ப நசுங்கிப் போச்சி, உங்க ஆளுக்கும் அப்பிடியான்னு கேளு."

"சித்தப்பாவுக்கு வெரலு இல்லயா?"

"பத்து வெரலும் இருந்திச்சி," என்றார் சாமிக்கண்ணு புரியாமல்.

"எனக்குத் தெரியாதா? சோறு போட்டவ நான். நீ எழுதுடா."

எழுதினான். இன்றைக்கே பணம் கட்ட வந்திருக்கிறோம், இது மட்டும் தெரிந்தால் போதும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். அனுப்பின மாத்திரத்தில் கரண்ட் போனது. இனிமேல் இரண்டு மணிக்குத்தான் வரும் என்றான் கடைக்காரன் அறிவழகன்.

ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பங்குனி வெயில், தண்டவாளத்தில் கண் கூசியது. மங்கலம் தூக்கைத் திறந்து களியை உருட்டி, நடுவில் குழி பண்ணி, குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். ராஜவேல் தலை குனிந்தபடி தின்றான். சாமிக்கண்ணு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மங்கலம்."

"தின்னு மாமா."

"வெரலெல்லாம் சரியா இருந்திச்சின்னு அவன் எழுதிட்டா? பத்து வெரலும் இருந்திச்சி, நீங்க சொல்ற ஆளு இவரு இல்லன்னு எழுதிட்டா?"

அவள் தனக்கும் ஒரு உருண்டை உருட்டினாள். அப்படி எழுதிவிட்டால் அது ஆண்டிதான். கொல்லையும் போகும், ஆண்டியும் போனது போனதுதான். விருத்தாசலம் பாசஞ்சர் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"எழுதட்டும். அப்ப நான் கையெழுத்துப் போடறேன்," என்றாள். "என் பத்து வெரலாலயும் போடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, களி அவளுக்கும் இறங்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்துக் கூலியை ஒரு சுண்டுவிரல் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பதிலும் வந்திருந்தது. பணம் கட்டப் போகிறவனைக் காக்க வைப்பானா? ராஜவேல் மனசுக்குள் படித்தான். மறுபடி படித்தான். காது நுனி வரை சிவந்தது.

"சத்தமா படி," என்றாள் மங்கலம்.

"ஆமாம் அன்பரே, நீங்கள் சொல்வது சரி. என் கட்சிக்காரருக்கு இடது கைச் சுண்டுவிரல் கிடையாது. அந்தக் கையை நானே பலமுறை பிடித்துக் குலுக்கியிருக்கிறேன். அவர்தான் உங்கள் உறவினர் என்பதில் இனிச் சந்தேகமே இல்லை. இன்று மாலைக்குள் பணத்தை அனுப்பிவிடுங்கள். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக."

சாமிக்கண்ணு இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். ராஜவேல் படித்தான். அவர் தன் இடது கையை விரித்துச் சுண்டுவிரலைப் பார்த்தார்.

"எந்தம்பி வெரலக்கூட வெட்டிப்புட்டானே," என்றார்.

ராஜவேல் கீ போர்டின் மேல் கவிழ்ந்துகொண்டான். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கடைக்காரன் அறிவழகன் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"இதுவா? இது தினம் பத்து பேருக்கு வருது ப்ரோ. எங்க தாத்தா பேரு முருகேசன், எங்க அப்பாவுக்கு வந்த மெயில்ல செத்தவன் இன்ஜினியர் ஜான் முருகேசன். எனக்கு வந்ததுல எங்க அப்பா பேரு. அவரு தோ எதுத்தாப்புல டீ குடிக்கறாரு பாருங்க. பேர மட்டும் மாத்தி மாத்திக் கும்பலா அனுப்பறானுங்க. பாங்க் நம்பர் ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்," என்றான் ராஜவேல் தலை தூக்காமல்.

"அப்ப மொத வேலையா பாங்குக்குப் போயி சொல்லிடுங்க. பதில் போடாதீங்க, போட்டா இன்னும் பத்து எழுதுவான்."

மங்கலத்துக்கு நாக்கு நுனி வரை வந்திருந்தது. அவனுக்கு எழுதச் சொல்ல நாலு வார்த்தை வைத்திருந்தாள், எல்லாம் இங்கிலீஷில் கிடைக்காத வார்த்தை. விழுங்கிக்கொண்டாள். மகன் முதுகில் கறுத்த கையை வைத்தாள்.

"அழுவாதடா. நீ என்னா திருடினியா? உங்க சித்தப்பனையும் இப்பிடித்தான் திருடாத திருட்டுக்குத் தலை குனிய வச்சாங்க. எழுந்திரு. தம்பி, இந்தக் கடுதாசி மூணையும் பத்து காப்பி எடுத்துக் குடுப்பா."

"எதுக்கும்மா?" ராஜவேல் நிமிர்ந்தான். "வெளிய தெரிஞ்சா கேவலம்மா."

"யாருக்கும் சொல்லாதன்னுதான எழுதினான்? அதுக்குத்தான். அவன் சொல்லாதன்னா நான் சொல்லுவேன். கேவலம் அவனுக்கு, நமக்கு என்னா?"

பாங்கில் சொல்லிவிட்டு ஏறிய பஸ்ஸிலேயே அவள் ஆரம்பித்தாள். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், நாற்பத்தேழு கோடிக்குச் சில்லறை இருக்கா என்று தொடங்கி, ரேமண்ட் பிறந்தது முதல் சுண்டுவிரல் வரை ஒன்று விடாமல் சொன்னாள். சாமிக்கண்ணு ஜன்னலோடு ஜன்னலாக ஒடுங்கினார். பஸ் சிரித்தது. அவளும் சேர்ந்தே சிரித்தாள், ஆனால் எந்த இடத்திலும் புருஷனையோ மகனையோ முட்டாள் என்று சொல்லவில்லை. நாங்க நம்பினோம், நாங்க மொட்ட போட்டோம் என்றே சொன்னாள். கொட்டகையில் அவளோடு கொட்டை உடைக்கிற தைலம்மாளும் அந்த பஸ்ஸில் இருந்தாள்.

"இனிமே அந்த பெனின் சாக்கத் தொட மாட்டேன்டி நான்," என்றாள் அவள்.

"சாக்கு என்னா பண்ணிச்சி? எவன் எந்த ஊருல ஒக்காந்து எழுதறானோ. பெனின்னு எழுதினா பெனின்காரனா? அந்த ஊருக்காரியும் நம்மளாட்டம் குனிஞ்சி கொட்ட பொறுக்கறவதான். அவ பேரயுந்தான் கெடுத்துட்டான்."

பாலூர் தாண்டியதும் முன் சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். நல்ல புடவை, கையில் டிபன் கேரியர், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் மாதிரி இருந்தாள். பெயர் ஜெயராணி என்றாள்.

"அக்கா, அந்தக் காப்பி ஒண்ணு குடுப்பீங்களா?" குரல் மெல்ல வந்தது. "எங்க வூட்டுக்காரருக்கும் ஒருத்தன் எழுதறான். வளையல வச்சி நேத்துத்தான் பணம் பொரட்டியிருக்காரு. நாளைக்கு அனுப்பறாரு."

மங்கலம் சிரிப்பை நிறுத்தினாள். பைக்குள் கை விட்டு இரண்டு தாளை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"ஒண்ண அவருக்குக் குடு. ஒண்ண வூட்டு வாசல்ல ஒட்டு. வெரலு இல்லயான்னு கேக்கச் சொல்லு."

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சாமிக்கண்ணு நேரே போய்த் தம்பியின் படத்துக்கு முன்னால் நின்றார். காலையில் போட்ட மாலை இன்னும் வாடவில்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் நெடுநேரம் நின்றார். மங்கலம் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"கடுதாசி பொய்யின்னா," என்றார் அவர், ஒவ்வொரு வார்த்தையாக, "அப்ப ஆண்டி சாவல."

"சாவலன்னு நமக்குத் தெரியாது. ஆனா செத்தான்னு சொல்ல இனிமே எவனும் இல்ல."

அவள் திரியை விரலால் நசுக்கி அணைத்தாள். எட்டி மாலையைக் கழற்றினாள். வாசலில் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் அதைப் போட்டாள். கழுத்தில் நீலப் பாசிமணி ஆட, ஆடு சாமந்தியை ஒவ்வொன்றாக உருவித் தின்றது.

"நாளைக்கு நீ குழி வெட்ட ஆரம்பி மாமா. ராஜவேலு விருத்தாசலம் போயி ஒட்டுக்கன்னு வாங்கியாரட்டும். மூணு வருசத்துல காய்க்குமாம். படுத்தது போதும்."

சாமிக்கண்ணு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே ஆடு தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருவேள அவன் வந்து நின்னான்னா என்னா சொல்லுவ?"

"நீ செத்துட்டன்னு ஒருத்தன் எழுதினான்டா, நாங்க நம்பலன்னு சொல்லுவேன்."

"நான் நம்பினேனே," என்றார். "மொட்டையே போட்டனே."

மங்கலம் அவர் தலையைப் பார்த்தாள். முடி லேசாகக் குத்திட்டு வரத் தொடங்கியிருந்தது.

"அதுக்குள்ள வளந்துடும். ஊருக்கெல்லாம் சொன்னாலும் அவங்கிட்ட மட்டும் நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.